வாசற்படியில் நின்ற மணமகள்

கணவனையும் மனைவியையும் பிரித்து வைப்பது கதாசிரியர்களின் பழைய தொழில். போரை மூட்டிப் பிரிப்போம். கப்பலைக் கவிழ்த்துப் பிரிப்போம். மாமியாரைக் கொண்டு பிரிப்போம். வேறொன்றும் அகப்படாவிட்டால், ஒரு தந்தியைத் தவறான விலாசத்தில் சேர்ப்பித்தாவது பிரித்துவிடுவோம். ஆனால் ஒரே ஒரு சர்க்கார் உத்தரவினால், அதுவும் காரணம் எழுதப்படாத ஓர் உத்தரவினால், ஒரு தம்பதியை மூன்று வருஷத்துக்கு மேல் கடலுக்கு இப்புறமும் அப்புறமுமாக நிறுத்தி வைக்கும் துணிச்சல் எனக்கு வந்ததில்லை. வந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். "இது நம்பும்படியாக இல்லையே!" என்று வாசகர்கள் புத்தகத்தை மூடி வைத்துவிடுவார்கள். சரித்திரத்துக்கு அந்தக் கவலை கிடையாது. நம்பினாலும் நம்பாவிட்டாலும் அது தன் பாட்டுக்கு நடந்துவிடுகிறது.

"விசா" என்ற சொல் இன்று நம் வீட்டு அடுக்களை வரையில் வந்துவிட்டது. அதோடு பிறந்த இன்னொரு சொல் அவ்வளவாக வெளியில் தெரிவதில்லை. அதுதான் "விலக்கு." குடியேற்றச் சட்டம் முதலில், "நீ உள்ளே வரக்கூடாது" என்று தலைவாசலைச் சாத்துகிறது. பிறகு, "நீ எங்கள் பிரஜையின் மனைவியா? அப்படியானால் யோசிக்கிறோம்" என்று பக்கத்தில் ஒரு திட்டி வாசலைத் திறந்து வைக்கிறது. அந்தத் திட்டி வாசலும் சாத்தப்பட்டுவிட்டால் கணவனும் மனைவியும் என்ன செய்வார்கள்? எப்படிக் காலம் தள்ளுவார்கள்? இந்தக் கேள்விக்குச் சரித்திரத்தில் விடை தேடினால், நியூயார்க் துறைமுகத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் போய்ச் சேருகிறோம். அவள் பெயர் எல்லன் நாஃப்.

எல்லன் 1915-ல் ஜெர்மனியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவள். ஹிட்லரின் ஆட்சியில் தாய்நாட்டை விட்டுச் செக்கோஸ்லோவாகியாவுக்குப் போனாள். அங்கே ஒரு விவாகமும் விவாகரத்தும் நடந்து முடிந்தன. 1939-ல் அகதியாக இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தாள். 1943 ஜனவரி முதல் 1946 மே வரையில் பிரிட்டிஷ் விமானப் படையில் பணியாற்றி நற்பெயர் பெற்றாள். போர் முடிந்ததும் ஜெர்மனியிலிருந்த அமெரிக்க ராணுவ இலாகாவில் சிவிலியன் உத்தியோகம் கிடைத்தது. அவளுடைய வேலையை மேலதிகாரிகள் "மிக நன்று" என்றும் "மிகச் சிறப்பு" என்றும் குறித்து வைத்திருக்கிறார்கள்.

அங்கேதான் கர்ட் நாஃப் என்பவரைச் சந்தித்தாள். அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். போரில் அமெரிக்கப் படையில் சேவை செய்து கௌரவமாக விடுவிக்கப்பட்டவர். அப்போது ஃபிராங்க்ஃபர்ட்டில் ராணுவத்தின் கீழ் உத்தியோகம் பார்த்து வந்தார். 1948 பிப்ரவரி 28-ஆம் தேதி, படைத் தலைவரின் அனுமதி பெற்று இருவரும் மணம் செய்துகொண்டார்கள். வீட்டுப் பெரியவர்களின் சம்மதம் போதாது. ஜெனரலின் சம்மதமும் வேண்டியிருந்த காலம் அது. அந்தச் சம்மதமும் கிடைத்தது.

அந்தத் தேதியை வாசகர்கள் சற்று மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதே வாரத்தில்தான் செக்கோஸ்லோவாகியாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். நான்கு மாதத்தில் பெர்லின் முற்றுகை தொடங்கியது. அமெரிக்காவில் ஒவ்வொரு அன்னியன் முகத்திலும் ஓர் ஒற்றன் தெரிய ஆரம்பித்த பருவம். இவர்களுடைய திருமணத்துக்கு நாள் பார்த்தது யாரோ தெரியவில்லை. ராஜாங்க ஜோசியம் அறிந்தவர் யாரும் அந்த நாளைக் குறித்திருக்க மாட்டார்.

போர் முடிந்தபோது அயல்நாடுகளில் மணம் செய்துகொண்ட அமெரிக்க வீரர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுடைய மனைவிமாரை வழக்கமான குடியேற்றக் கணக்கில் சேர்த்தால் பல வருஷம் காத்திருக்க நேரும். ஆகவே 1945 டிசம்பர் 28-ஆம் தேதி, போர்க்கால மணமகள் சட்டம் என்று ஒரு சட்டம் செய்தார்கள். பல தடைகளுக்கு அது விலக்கு அளித்தது. ஒதுக்கீட்டுக் கணக்கு வேண்டாம். சில பத்திரங்கள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உடற்குறை இருந்தாலும் தள்ளுபடி இல்லை. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மனைவியரும் குழந்தைகளும் இப்படிக் கரையேறினார்கள். தாராளமான சட்டம்தான். ஆனால் அதில் ஒரு சிறு வாசகம் ஒளிந்திருந்தது: "மற்ற வகையில் அனுமதிக்கத் தக்கவராக இருந்தால்" என்பது. இன்னொன்று, அந்தச் சட்டத்தின் ஆயுள் மூன்றே வருஷம். 1948 டிசம்பர் 28-ல் அது தானாகவே காலாவதியாகிவிடும்.

1948 ஆகஸ்டு 14-ஆம் தேதி எல்லன் நியூயார்க் துறைமுகத்தில் வந்து இறங்கினாள். குடியுரிமைக்கு மனுச் செய்துகொள்வது அவள் எண்ணம். கணவர் வேலையின் பொருட்டு ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே இருந்தார். துறைமுகத்து அதிகாரிகள் அவளை ஊருக்குள் விடாமல் எல்லிஸ் தீவுக்கு அனுப்பினார்கள்.

1892-ல் திறக்கப்பட்ட அந்தத் தீவைக் கடந்து ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் அமெரிக்காவுக்குள் போயிருக்கிறார்கள். எல்லன் வந்த காலத்தில் அது வரவேற்கும் இடமாக இல்லை. நிறுத்தி வைக்கும் இடமாகிவிட்டது. அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் சுதந்திர தேவியின் சிலை, மறுபக்கம் மன்ஹாட்டன் மாளிகைகள். பார்ப்பதற்குத் தடையில்லை. போவதற்குத்தான் தடை.

அக்டோபர் 6-ஆம் தேதி உத்தரவு வந்தது. அவளை உள்ளே விடுவது நாட்டின் நலனுக்கு ஊறு என்று குடியேற்ற இலாகாவின் உதவிக் கமிஷனர் சிபாரிசு செய்தார். அதே தினத்தில் அட்டர்னி ஜெனரல் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். விசாரணை கிடையாது. குற்றம் என்ன என்று சொல்லவில்லை. யார் சொன்னார்கள் என்றும் சொல்லவில்லை. அது ரகசியத் தகவல். வெளியிட்டால் நாட்டின் பந்தோபஸ்துக்குக் கெடுதல் என்பதே பதில். போர்க்காலத்துக்கென்று 1941-ல் செய்த விதிகளின்படி இந்த அதிகாரம் வந்ததாம். சண்டை நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் ஜெர்மனியோடு சட்டப்படி போர் நிலை முடிவுக்கு வந்தது 1951 அக்டோபரில்தான். துப்பாக்கி ஓய்ந்தாலும் விதிகள் ஓய்வதில்லை.

இங்கே கதையின் விசித்திரத்தைக் கவனியுங்கள். கணவர் அமெரிக்கப் பிரஜை. அவர் ஜெர்மனியில் இருக்கிறார். மனைவி ஜெர்மனியில் பிறந்த அன்னியப் பெண். அவள் அமெரிக்காவின் வாசற்படியில் இருக்கிறாள். அவள் திரும்பிப் போனால் இருவரும் சேர்ந்துவிடலாம். இலாகாவும் அதைத்தானே விரும்பியது! பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கப்பலில் ஏறியிருந்தால், பிரிவு ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும்.

அவள் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதில்தான் இந்தச் சரித்திரத்தின் உயிர் இருக்கிறது. போனால் அந்தக் கறை கூடவே போகும். காரணம் தெரியாத கறையை எந்தச் சவுக்காரத்தால் கழுவுவது? கணவருடைய நாட்டில் அவருக்கு இனி வீடு கிடையாது என்று ஆகும். "உன் மனைவி எப்படிப்பட்டவளோ!" என்று ஊரார் கேட்பதற்கு அவரிடமும் பதில் இராது. ஹிட்லருக்குப் பயந்து ஓடிய மண்ணிலேயே ஆயுள் முழுதும் தங்க வேண்டும். பிரிவைத் தாங்கினால் காரணத்தைக் கேட்கலாம். சேர்ந்துவிட்டால் கேட்கும் இடத்தை இழந்துவிடுவார்கள். ஆகவே சேர்ந்து வாழ்வதற்காகவே பிரிந்திருக்கத் தீர்மானித்தார்கள்.

ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். கீழ்க்கோர்ட்டில் தோல்வி. அதற்கு மேற்கோர்ட்டிலும் தோல்வி. இதற்கிடையில் டிசம்பர் 28-ஆம் தேதி வந்து போயிற்று. மணமகள் சட்டம் காலாவதியாகிவிட்டது. எந்தத் திட்டி வாசலை நம்பி அவள் வந்தாளோ, அது சுவராகிவிட்டது.

சுப்ரீம் கோர்ட் 1950 ஜனவரி 16-ஆம் தேதி தீர்ப்பளித்தது. இரண்டு நீதிபதிகள் வழக்கில் கலந்துகொள்ளவில்லை. மற்ற எழுவரில் நால்வர் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம். பெரும்பான்மைக்காக எழுதியவர் நீதிபதி மின்டன். அவர் சொன்னதன் சாரம் இது: அன்னியர் உள்ளே வருவது உரிமை அல்ல, சலுகை. அந்தச் சலுகைக்குச் சட்டசபை எந்த நடைமுறையை வகுக்கிறதோ அதுவே அவருக்கு நியாயமான நடைமுறை. அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை.

இதை வெறும் கல்நெஞ்சம் என்று தள்ளிவிடுவது சரியாகாது. ஒற்றர்கள் உண்மையிலேயே இருந்த காலம். தகவல் கொடுத்தவனைக் காட்டிக் கொடுத்தால் நாளைக்குத் தகவல் கிடைக்காது என்ற வாதத்திலும் ஒரு பசை உண்டு. எந்தச் சர்க்காரும் தன் வாசலில் யாரை விடுவது என்று தீர்மானிக்கத்தான் செய்யும்.

ஆனால் மாறுபட்டு எழுதிய நீதிபதி ஜாக்ஸன், அந்தப் பெண்ணை மட்டும் பார்க்கவில்லை. ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்த அந்த மனிதரையும் பார்த்தார். ஓர் அமெரிக்கப் பிரஜையிடம், நீ உன் மனைவியை அழைத்து வரக்கூடாது என்கிறோம், ஏன் என்று சொல்ல மறுக்கிறோம், ஆகவே சொந்த நாட்டில் வாழ மனைவியைக் கைவிட வேண்டும் அல்லது மனைவியோடு வாழ நாட்டைக் கைவிட வேண்டும் என்று அவர் எடுத்துக் காட்டினார். சாட்சியம் ரகசியமாகவே இருக்கவேண்டும் என்றால், பொறாமைக்காரனும் புரளிக்காரனும் அந்தத் திரைக்குப் பின்னால் நின்று பேசலாமே என்றும் கேட்டார். குடியேற்ற வழக்குகளில் கட்டுக் கட்டாக எழுதப்பட்ட தீர்ப்புகளுக்கு நடுவே, கணவன் மனைவி இருவரையும் ஒரே வாக்கியத்தில் நிறுத்திப் பார்த்த தீர்ப்புரை அது.

மாறுபட்ட தீர்ப்பினால் கதவு திறக்காது. ஆனால் அதன் சத்தம் வெளியே கேட்டது. பத்திரிகைகள் விஷயத்தை எடுத்துக்கொண்டன. முக்கியமாக செயின்ட் லூயி நகரத்துப் பத்திரிகை ஒன்று விடாமல் எழுதியது. அவளுக்காகவே தனி மசோதாக்கள் காங்கிரசில் வந்தன. 1950 மே மாதத்தில் அவளை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட ஏற்பாடாகியது. கடைசி நேரத்தில் அதே நீதிபதி ஜாக்ஸன் தடையுத்தரவு பிறப்பித்தார். வழக்கை மேலே கொண்டுபோவதற்கு அவகாசம் இல்லாமல் ஒரு பெண்ணை அவசரம் அவசரமாக விமானத்தில் திணித்து அனுப்புவது தகாது என்பது அவர் கருத்து.

1951 மார்ச்சில் ஒருவழியாக விசாரணை நடந்தது. திரை விலகியது. உள்ளே இருந்தது என்ன? அவள் ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலை பார்த்தபோது அங்கிருந்த செக் நாட்டுத் தூதுக் குழுவுக்கு ரகசியங்களைக் கொடுத்தாள் என்ற பேச்சு. அதற்குச் சாட்சி, இன்னார் சொல்லக் கேட்டேன் என்பதுதான். முதல் விசாரணைக் குழு அதையும் நம்பி, அவளை விடக்கூடாது என்றே சொல்லிற்று. எல்லன் மேல்முறையீடு செய்தாள். ஆகஸ்டு மாதம் மேல்முறையீட்டுக் குழு, செவிவழிச் செய்தியைத் தவிர இதில் ஒன்றுமில்லை என்று கண்டு முந்தைய முடிவை மாற்றியது. 1951 நவம்பர் 2-ஆம் தேதி அட்டர்னி ஜெனரல் சம்மதித்தார். வாசற்படியில் வந்து நின்ற நாளிலிருந்து கணக்கிட்டால் மூன்று வருஷமும் இரண்டரை மாதமும் ஆகியிருந்தன.

சுமார் இரண்டரை வருஷம் ரகசியமாகக் காக்கப்பட்ட பொக்கிஷம், வெளிச்சத்துக்கு வந்த ஐந்தே மாதத்தில் உதிர்ந்துவிட்டது. சொல்லப்பட்ட காரணத்துக்குப் பதில் சொல்லலாம். சொல்லப்படாத காரணத்துக்கு எந்த மனிதனாலும் பதில் சொல்ல முடியாது. அந்தத் தம்பதி தளராமல் கேட்டது கருணையை அல்ல, காரணத்தை. அதுதான் அவர்களைக் காப்பாற்றியது.

எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. இக்னாட்ஸ் மெஸீ என்பவர் இருபத்தைந்து வருஷம் பஃபலோ நகரில் குடும்பத்தோடு வாழ்ந்தவர். 1948-ல் சாகக் கிடந்த தாயைப் பார்க்க ஐரோப்பாவுக்குப் போனார். தாயிடம் போய்ச் சேரவும் முடியவில்லை. 1950-ல் திரும்பி வந்தவரை அதே எல்லிஸ் தீவில் நிறுத்தினார்கள். அதே ரகசியத் தகவல், அதே மௌனம். வேறு எந்த நாடும் அவரை ஏற்க முன்வரவில்லை. மனைவி பஃபலோவில், கணவர் தீவில். இருவரும் ஒரே மாகாணத்தில்! 1953 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எல்லன் வழக்கின் தீர்ப்பையே ஆதாரமாக எடுத்துக் காட்டியது. 1954 ஆகஸ்டில் அவரை வீட்டுக்குப் போக விட்டார்கள். அதே வருஷம் நவம்பரில் தீவையே மூடிவிட்டார்கள்.

தீவு மூடப்பட்டது, திட்டி வாசல் மட்டும் புது உருவம் எடுத்தது. 1957 செப்டம்பரில் காங்கிரஸ் இன்னொரு சட்டம் செய்தது. பழைய குற்றம், பொய்த் தகவல் போன்ற காரணங்களால் தடுக்கப்பட்டவர்களுக்கு, அமெரிக்காவிலுள்ள நெருங்கிய உறவினரை முன்னிட்டு விலக்கு அளிக்கலாம் என்றது. அதில் வந்த முக்கியமான சொல், "மிதமிஞ்சிய துன்பம்." பழைய குற்றமுள்ளவர்களின் மனுவில், பிரிவினால் மனைவிக்கோ கணவனுக்கோ மிதமிஞ்சிய துன்பம் நேரும் என்று காட்டினால் அதிகாரி யோசிப்பார். 1996-ல் வந்த சட்டம் வலையை இன்னும் அகலமாக்கியது. அனுமதியில்லாமல் 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறியவருக்கு மூன்று வருஷத் தடை. ஒரு வருஷமோ அதற்கு மேலோ தங்கியவருக்குப் பத்து வருஷத் தடை. விலக்கு வேண்டுமானால் மறுபடியும் அதே மிதமிஞ்சிய துன்பத்தைக் காட்ட வேண்டும். இப்படிப்பட்ட விலக்கு மறுப்புகளில் அதிகாரியின் மனப்போக்கைக் கோர்ட் பெரும்பாலும் கேள்வி கேட்க முடியாதபடியும் அந்தச் சட்டம் செய்துவிட்டது.

இந்த "மிதமிஞ்சிய" என்ற சொல்லைப் பற்றி நான் அடிக்கடி யோசித்ததுண்டு. கணவனைப் பிரிந்து மனைவி அழுகிறாள் என்றால் அது போதாது. அது வழக்கமான துன்பம் என்று குடியேற்றத் தீர்ப்புகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. குழந்தை அப்பா எங்கே என்று கேட்பதும் வழக்கமானதுதான். மூன்று பத்து வருஷத் தடைகளுக்கான விலக்கில் குழந்தையின் துன்பம் நேராகக் கணக்கிலும் சேராது. டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். கடன் கணக்கு வேண்டும். மனநிலை பற்றி நிபுணர் கடிதம் வேண்டும். உலகத்துக் கவிகள் எல்லாம் பிரிவைப் பற்றிப் பாடியவற்றைக் கட்டி அனுப்பினாலும், ஒரு பக்கம் கூட ஆதாரமாகாது. தம்பதிகள் தங்கள் துக்கத்தைத் தாங்களே கணக்கப்பிள்ளை மாதிரி இனம் பிரித்து, நகல் எடுத்து, வரிசை எண் போட்டு அனுப்ப வேண்டியிருக்கிறது. மறுப்பு வந்தால், "உங்கள் துக்கம் போதவில்லை" என்பதே அதன் பொருள். விசா கிடைக்காததைவிட அந்த வாசகம்தான் பலரை வீழ்த்துகிறது என்று நினைக்கிறேன்.

அப்போது அவர்கள் என்ன செய்கிறார்கள்? மூன்று வழிகள்தாம் உண்டு. சில மறுப்புகளுக்கு மேல்முறையீடு உண்டு. சிலவற்றுக்கு இல்லை, புது மனுதான் போட முடியும். காரணத்தைப் படித்து, எந்த இடத்தில் ஆதாரம் குறைந்தது என்று பார்த்து மறுபடி எழுதுகிறார்கள். இது முதல் வழி. சிலர் பிரஜையாக இருப்பவரே நாட்டை விட்டுத் துணையிடம் போய்விடுகிறார்கள். சிலர் வருஷத்துக்கு ஒருமுறை சந்தித்துக்கொண்டு தடைக் காலத்தை எண்ணிக் கழிக்கிறார்கள். இவற்றில் எது அன்பு மிகுந்த வழி என்று வெளியிலிருப்பவர்கள் தீர்ப்புச் சொல்லக்கூடாது. எல்லனும் கர்ட்டும் தேர்ந்துகொண்ட வழி, பார்ப்பவர்களுக்குப் பிடிவாதமாகத்தான் தோன்றியிருக்கும்.

எல்லன் 1952-ல் தன் கதையைப் புத்தகமாகவே எழுதினாள். அதோடு முடித்திருந்தால் நாவலுக்கு ஏற்ற முடிவு. ஆனால் அந்த மணவாழ்வு பிற்காலத்தில் நிலைக்கவில்லை. அவர்கள் பிரிந்தார்கள்; அவள் மறுமணம் செய்துகொண்டு எழுத்துத் துறையில் வாழ்ந்தாள். பிரிவுதான் அந்த மணத்தை முறித்தது என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. ஆனால் ஒன்று மட்டும் சொல்லலாம். கதவு திறந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைப்பது கதைகளில்தான். வாசலுக்கு இரண்டு புறமும் கழிந்த காலம் கணவனுக்கு வேறு, மனைவிக்கு வேறு. அதை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை.

சட்டத்தின் கதையும் முடியவில்லை. 2024 ஜூன் மாதம், எல் சால்வடார் நாட்டுக் கணவருக்கு விசா மறுக்கப்பட்ட ஓர் அமெரிக்கப் பெண்ணின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அறுவர் அவளுக்கு எதிராகவும் மூவர் ஆதரவாகவும் இருந்தார்கள். அன்னியரான துணையை நாட்டுக்குள் அனுமதிக்க வேண்டும் என்று கோரும் அடிப்படை உரிமை ஒரு பிரஜைக்குக் கிடையாது என்பது தீர்ப்பு. அதிலும் எல்லன் வழக்கை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்.

எல்லன் உள்ளே போய்விட்டாள். அவளை வெளியே நிறுத்திய தீர்ப்பு மட்டும் எழுபத்து நான்கு வருஷம் கழித்தும் வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கிறது.